அடுத்தவாரத்தின் கார்

அந்தக் கார் வீட்டுக்கு வந்ததே ஒரு லாரியின் பின்னால் கயிறு கட்டித்தான். ஒரு காலத்தில் யாரோ பெரிய அதிகாரி போய்வந்த வண்டி என்று சொல்லி அவளுடைய கணவன் அதை வாங்கினான். அந்த அதிகாரி யார், எந்த இலாகா என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில் வந்தது. நீளமான மூக்கு, பச்சையா சாம்பலா என்று சொல்ல முடியாத நிறம், ஒரு கதவு மட்டும் வேறு வண்டியுடையது.

வந்த அன்று தெருவில் உள்ளவர்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள். "ஓடுமா?" என்று ஒருவர் கேட்டார். "அடுத்த வாரம் ஸ்டார்ட் பண்ணிடுவேன்" என்றான். அடுத்த வாரம் பேட்டரி இல்லை. அதற்கு அடுத்த வாரம் பேட்டரி வந்தது, ஸ்பானர் இல்லை. ஸ்பானர் வந்தபோது அவனுக்கு முதுகுவலி. முதுகுவலி சரியான சமயம் பேட்டரி செத்துப்போயிருந்தது. இப்படியே வாரங்கள் போகப் போக, தெரு அவனுக்கு 'அடுத்தவாரம்' என்று பெயர் வைத்துவிட்டது. நேரில் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. ஆனால் அவன் மனைவியிடமே "அடுத்தவாரம் வீட்ல இருக்காரா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டவர்கள் உண்டு. அவள் கோபப்படமாட்டாள். "இருக்காரு, தூங்கறாரு" என்று பதில் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அவளுக்கு ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. டாக்டர் எழுதிக் கொடுக்கும் பவருக்கு வரும் வட்ட லென்ஸை, பிரேமில் உட்காரும் அளவுக்கு இயந்திரத்தில் தேய்த்துக் கொடுப்பாள். கடையின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத சின்ன அறை. நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டும் சத்தமும் லென்ஸ் உரசும் சத்தமும்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கேட்டைத் திறந்தால், உடம்பை ஒருக்களித்துத்தான் வாசற்படிக்குப் போக முடியும். முன்வாசல் முழுக்கக் கார். துணி உலர்த்தப் போனால் பம்பர் முட்டியில் இடிக்கும். அவன் காரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்று, "இது எனக்குக் குழந்தை மாதிரி" என்பான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்தப் பேச்சை அவள் இருக்கும்போது பேசக்கூடாது என்றுகூட அவனுக்குத் தோன்றியதில்லை.

அவன் முன்பு தண்ணீர் வடிகட்டும் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்தான். பிறகு அதை விட்டுவிட்டு 'சொந்தமா யோசிச்சுக்கிட்டு' இருந்தான். ஒருநாள், தூரத்து ஊரில் ஒரு பெரிய புராஜெக்ட் கிடைத்திருக்கிறது என்று பெட்டியைக் கட்டினான். தெருமுனைவரை வந்து நாலு பேர் கை குலுக்கினார்கள். மூன்றாம் வாரமே அவனுடைய தங்கை அவனைப் பார்த்துவிட்டாள். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகளை இறக்கிவிட்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது, அந்தக் கரையில் ஒரு பேட்டரிக் கடை வாசலில் அரைக்கால் சட்டையோடு நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தான் அண்ணன். தூரத்து ஊர் என்பது பாலத்துக்கு அந்தப் பக்கம். புராஜெக்ட் என்பது சிநேகிதனுடைய பேட்டரிக் கடைக்குப் பின்னால் ஒரு அறை.

குடியா, சூதா, வேறு பெண்ணா என்று கேட்டவர்களுக்குச் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால்கூட ஒரு ஆள் என்று மதித்திருக்கலாம். காலையில் எழுப்புவதற்கு யாரும் இல்லாத ஓர் இடத்தைத் தேடிப் போயிருக்கிறான். அவ்வளவுதான்.

போனபின்னும் அவன் போன் செய்வது நிற்கவில்லை. மழை பெய்தால் போன் வரும். "தார்ப்பாய் மூடியிருக்கா?" என்பான். "கூரை ஒழுகுது" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "கார்மேலயா?" என்று பதறினான். "சமையல்கட்டுல." "ஓ, சரி" என்று வைத்துவிட்டான். அன்று இரவு அவள் அழவில்லை. சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபின் வாயில் ஒரு கசப்பு நின்றது. அந்தக் கசப்பு பிறகு போகவே இல்லை.

இப்படிச் சில வருடங்கள் ஓடின. காரின் டயர்கள் தரையோடு அப்பிக்கொண்டன. இருக்கையில் எலி குடித்தனம் வைத்தது. ஒருநாள் காலையில் கேட்டில் ஒரு தாளை ஒட்டிவிட்டு, கையில் ஒரு அட்டையோடு நகராட்சி ஆய்வாளர் நின்றுகொண்டிருந்தார். சட்டை மடிப்புக் கலையாத மனிதர். ஒவ்வொரு வாக்கியத்தையும் அரசாங்கம் கொடுத்ததுபோலவே அளந்து பேசுவார்.

"இந்த வண்டி உங்களுதா?"

"இல்ல. என் வீட்டுக்காரரோடது."

"அவர் இருக்காரா?"

"இல்ல."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "காலமாயிட்டாரா?"

"அந்த அளவுக்கெல்லாம் அவர் மெனக்கெட மாட்டாரு."

ஆய்வாளருக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அட்டையைப் பார்த்துக்கொண்டே விதியைச் சொன்னார். பதிவு காலாவதியாகி, ஓடும் நிலையில் இல்லாமல், ஒரே இடத்தில் நிற்கும் வண்டி கைவிடப்பட்ட வாகனம். அது யார் இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்துக்காரர் கெடுவுக்குள் அகற்ற வேண்டும். அகற்றாவிட்டால் நாளுக்கு இவ்வளவு என்று அபராதம்.

"ரொம்ப நல்லது" என்றாள் அவள். நிஜமாகவே அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. "இப்பவே எடுத்துட்டுப் போங்க."

"நாங்க எடுக்க முடியாதும்மா. இது தனியார் இடம். உள்ள வந்து எடுத்தா அத்துமீறல்."

"அப்ப பழைய இரும்புக் கடையில போட்டுடறேன்."

"அதுவும் முடியாது. வண்டி உங்க பேர்ல இல்ல. உரிமையாளர் கையெழுத்து இல்லாம நீங்க குடுத்தா அது திருட்டு."

"அப்ப நான் என்ன பண்ணணும்?"

"அகற்றணும்."

"எப்படி?"

"அது உங்க விருப்பம்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கேலியும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கேலி செய்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். புகார் கொடுத்தது யார் என்று கேட்டாள். அதைச் சொல்ல விதியில் இடமில்லை என்றார். சொல்லிக்கொண்டே எதிர்வீட்டைப் பார்த்தார்.

எதிர்வீட்டில் இருந்தவர் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் மேனேஜர்தான். அவர் வீட்டை விற்கப்போகிறார் என்பது அவளுக்குத் தெரியும். விளம்பரத்துக்காகப் போட்டோ எடுக்க ஒருவன் வந்து, எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் கார் விழுகிறது என்று புலம்பியதையும் பார்த்திருந்தாள். அவள் வாழ வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர். கேட்டைத் திறந்து வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதற்கு இருபது அடி நடக்க வேண்டும். நகராட்சிக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். அவர் இரண்டு பஸ் மாறியிருக்கிறார்.

அன்று மாலை நாத்தனாரைக் கூப்பிட்டாள். அவனைவிட இளையவள், வாயும் கையும் சுத்தமானவள், அண்ணன் விஷயத்தில் மட்டும் வாய் கொஞ்சம் நீளம். இருவரும் வேனிலேயே பாலத்தைத் தாண்டிப் போனார்கள்.

பேட்டரிக் கடைக்காரர் அவர்களைப் பார்த்ததும் அவசரமாக ஒரு வேலையை நினைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பின்னறையில் அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, பழைய கார்களைப் பற்றிய ஒரு பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தான். கொஞ்சம் பருத்திருந்தான். தொல்லை இல்லாத முகம். இத்தனை வருடத்தில் அவளுக்கு நரைத்த அளவில் பாதிகூட அவனுக்கு நரைக்கவில்லை.

"வாங்க வாங்க" என்றான், விருந்தாளியை வரவேற்பதுபோல. "இப்பதான் கிளம்பி அங்க வரலாம்னு நெனச்சேன்."

அவள் உட்காரவில்லை. "கார எடுக்கச் சொல்லி நகராட்சில வந்துட்டாங்க. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா பழைய இரும்புக் கடையில போட்டுடலாம்."

"உனக்கென்ன பைத்தியமா? அந்த மாடல் இன்னைக்கு எங்கயும் கிடைக்காது."

"யாரும் தேடல, அதான் கிடைக்கல" என்றாள் நாத்தனார்.

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. "அந்த வண்டிக்கு ஒரு உயிர் இருக்கு. உங்களுக்கெல்லாம் அது புரியாது."

"புரியுது" என்றாள் அவள். "நெறைய உயிர் இருக்கு. குட்டி போட்டிருக்கு."

"அண்ணா, விளையாடாத. தினம் தினம் அபராதம் அண்ணி தலையிலதான விழும்?"

"அதெல்லாம் சும்மா பயமுறுத்துவாங்க. சட்டம் எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சவங்க வந்து பேசுங்க" என்றாள் அவள்.

"வரேன். அடுத்த வாரம் வரேன்."

நாத்தனார் மூக்கால் ஒரு சத்தம் போட்டாள். அவனுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. பத்திரிகையை மூடி மடியில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

"மனசாட்சியத் தொட்டுச் சொல்லு. இத்தனை வருஷத்துல நான் உன்கிட்ட எதாவது கேட்டிருக்கேனா? அந்த வண்டிய ஒழுங்காப் பாத்துக்கன்னு ஒன்னே ஒன்னு கேட்டேன். அதுகூட உன்னால முடியல."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. அத்தனையும் தொண்டைவரை வந்து, இந்த ஆளிடம் சொல்வதற்காகவா என்று நினைத்துத் திரும்பிப் போயிற்று. "கிளம்பலாம்" என்றாள் நாத்தனாரிடம்.

வேனில் வரும்போது நாத்தனார்தான் பேசிக்கொண்டே வந்தாள். "எங்கம்மா அவனத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுச்சு அண்ணி. பரீட்சையில பெயிலானா வாத்தியார் சரியில்ல. வேலை போனா கம்பெனி சரியில்ல. நான் முதல் மார்க் எடுத்துட்டு வந்தா, 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு'ன்னு கேட்டுச்சு. சரி, நான் வேன் ஓட்டறேன். அவன் கார் வச்சிருக்கான்."

மறுநாள் கடைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவள் நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். அகற்றல் பிரிவு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. மேசை, இரும்பு பீரோ, சுவரில் நகரத்தின் வரைபடம். அதே ஆய்வாளர் பேனாவின் மூடியைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார்.

உரிமையாளர் கையெழுத்துப் போட மறுக்கிறார் என்றாள். அப்படியானால் அவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றார். அவர் பதில் தராவிட்டால் இன்னொரு நோட்டீஸ். பிறகு பத்திரிகையில் அறிவிப்பு. பிறகு விசாரணை. அதுவரை அபராதம் யாருக்கு என்றாள். இடத்துக்காரருக்கு என்றார்.

"ஒரு சந்தேகம் சார். இதே வண்டி ரோட்டுல நின்னா?"

"ரோடு எங்களுது. ஸ்டிக்கர் ஒட்டுவோம், கெடு முடிஞ்சதும் தூக்கிட்டு வந்துடுவோம். யாரையும் கேக்க வேண்டியதில்ல."

"கையெழுத்து?"

"தேவையில்ல."

"ரோட்டுல கொண்டுவந்து விட்டது யாருன்னு பாப்பீங்களா?"

"அதெல்லாம் நாங்க பாக்கறதில்லம்மா. யார் பேர்ல வண்டி இருக்கோ அவர்தான் விட்டவர். விதி அப்படி." சொல்லிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஏன் கேக்கறீங்க?"

"சும்மா. தெரிஞ்சுக்கலாம்னு."

பேனா மூடி ஒருமுறை நின்றது. பிறகு அவர் வேறு தாளை எடுத்துக்கொண்டார். புரிந்ததா, புரியாததுபோல இருந்தாரா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அந்த மனிதரைப் பற்றி அவள் நினைத்த ஒரே நல்ல விஷயம் அதுதான்.

பள்ளி விடுமுறை நாளில் நாத்தனார் வேனோடு வந்தாள். வேனுக்கு வேலை பார்க்கும் மெக்கானிக்கிடமிருந்து ஜாக்கியும் இழுவை பெல்ட்டும் வாங்கி வந்திருந்தாள். பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு காருக்கு அடியில் படுத்தாள். சக்கரங்கள் துருவேறி இறுகிக்கிடந்தன. எண்ணெய் ஊற்றி, சுத்தியலால் தட்டி, ஒவ்வொன்றாக அசைத்தாள். "அண்ணன் இதுக்கு அடியில ஒருநாளாவது படுத்திருப்பானா?" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "மேல கை வச்சு நிப்பாரு" என்றாள் அவள்.

கதவைத் திறந்து ஹேண்ட் பிரேக்கை விடுவித்தபோது அது கையோடு வந்துவிட்டது. அதைப் பின்சீட்டில் போட்டாள். எலிகள் அன்று காலையிலேயே ஏதோ புரிந்துகொண்டு காலி செய்திருந்தன. பெல்ட்டை மாட்டி வேன் முன்னால் நகர்ந்தபோது, முதலில் வேன்தான் முக்கி முனகியது. கார் அசையவில்லை. இரண்டாவது இழுப்பில் தரையிலிருந்து டயர்கள் தோல் உரிகிற சத்தத்தோடு கிளம்பின. மூன்றாவது இழுப்பில் கார் புறப்பட்டு, நேராக வராமல் கொஞ்சம் சாய்ந்து, கேட்டின் இடது பக்கத் தூணை இடித்துத் தள்ளிக்கொண்டு தெருவில் போய் நின்றது.

தெரு அகலம் குறைவு. நின்ற இடம் சரியாக எதிர்வீட்டு வாசல்.

சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார். முதலில் அவள் வீட்டு முன்வாசலைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. பிறகு தன் வாசலைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"அகற்றிட்டோம் சார்" என்றாள் அவள்.

"என் வீட்டு முன்னாடி நிக்குதே. நாளைக்கு வீடு பாக்க ஆள் வராங்க."

"அடடா."

"கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி விடுங்களேன்."

"பெல்ட் அறுந்துபோச்சு" என்றாள் நாத்தனார். முழுசாக இருந்த பெல்ட்டைச் சுருட்டி வேனுக்குள் போட்டுக்கொண்டே சொன்னாள்.

மேனேஜர் தன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "இது என்ன நியாயம்? இத்தனை வருஷம் பக்கத்துல இருக்கோம். ஒருத்தருக்கொருத்தர் அனுசரிச்சுப் போக வேண்டாமா?"

"புகார் குடுங்க சார்" என்றாள் அவள். "உங்களுக்குத்தான் வழி தெரியுமே. ரெண்டு பஸ்."

அவர் முகம் சிவந்ததைப் பார்த்தபோது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உள்ளே போய் நாத்தனாருக்கு டீ போட்டாள். இருவரும் வாசற்படியில் உட்கார்ந்து, இடிந்த தூணையும் அதற்கு அப்பால் மேனேஜர் வீட்டை மறைத்துக்கொண்டு நின்ற காரையும் பார்த்தபடி குடித்தார்கள்.

மேனேஜர் அன்றே புகார் கொடுத்தார். அவள்மேல் எழுதிய முதல் புகாரைவிட இதில் வேகம் இருந்திருக்க வேண்டும். ஆய்வாளர் மறுநாளே வந்து முன்கண்ணாடியில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார். கேட்டுத் தூணைப் பார்த்தார், தரையில் இருந்த டயர்த் தடத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கெடு முடிந்த அன்று இழுவை லாரி வந்து காரின் மூக்கைத் தூக்கிக்கொண்டு போனது. தெருவில் யாரும் கை தட்டவில்லை. ஒரு கிழவர் மட்டும், "அட, ஓடுதே" என்றார்.

பேட்டரிக் கடைக்காரர் வழியாகச் செய்தி அவனுக்குப் போனது. இத்தனை வருடம் வராதவன் ஒருமணி நேரத்தில் வந்துவிட்டான். சலவைச் சட்டை, வாரிய தலை. உடைந்த தூணைத் தாண்டி உள்ளே வந்து காலியான முன்வாசலின் நடுவில் நின்றான்.

"யார் தொட்டது என் வண்டிய?"

"நகராட்சி."

"எப்படி ரோட்டுக்குப் போச்சு?"

"அதுக்குத்தான் உயிர் இருக்கே. கிளம்பிப் போயிருக்கும்" என்றாள் நாத்தனார். அவளும் அப்போது அங்கே இருந்தாள்.

"நான் விடப்போறதில்ல. கேஸ் போடுவேன். அந்த ஆபீஸையே உண்டு இல்லன்னு பண்ணிடுவேன். கிளம்புங்க ரெண்டு பேரும். நீங்க சாட்சி."

அவர்கள் கிளம்பினார்கள். அவன் கேட்டதற்காக இல்லை. பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. இந்த மனிதன் ஒரு விஷயத்துக்காகவாவது நிமிர்ந்து நின்று சண்டை போடுவானா என்று. போட்டால், அந்தக் கார்மேல் வைத்த பாசமாவது உண்மை என்று எடுத்துக்கொள்ளலாம். தன்னை விட்டுப் போனவன் ஏதோ ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான் என்று ஆகும். அது ஆறுதலா என்றால் இல்லை. ஆனால் ஒரு கணக்குக்கு வரும்.

பிடித்த வண்டிகளை நிறுத்தும் இடம் ஊர் எல்லையில் இருந்தது. சுற்றிலும் தகரம் அடித்த மைதானம். நூற்றுக்கணக்கான கார்களும் பைக்குகளும் புல்லுக்குள் புதைந்து கிடந்தன. வாசலில் ஒரு தகர அறை. ஆய்வாளர் அங்கேயும் அதே பேனாவோடு இருந்தார்.

"என் வண்டி எங்க?" என்றான் அவன். குரல் கணீரென்று இருந்தது. "யாரக் கேட்டு எடுத்தீங்க? அது என்ன வண்டின்னு தெரியுமா உங்களுக்கு? நாட்டுல அது மாதிரி பத்து இருந்தா அதிகம்."

ஆய்வாளர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்க சார். நீங்கதான் உரிமையாளரா? ரொம்ப நல்லது. உங்களத்தான் தேடிக்கிட்டிருந்தோம்."

அவன் உட்கார்ந்தான். தேடினார்கள் என்றதில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது. ஆய்வாளர் நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். பொது வழியில் வாகனத்தைக் கைவிட்டதற்கு அபராதம். இழுவைக் கூலி. இங்கே நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை. இத்தனை வருடம் கட்டாத சாலை வரி, அதற்கு வட்டி. காப்பீடு இல்லாமல் வைத்திருந்ததற்குத் தனியாக நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். "எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. இங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா ஆரம்பிச்சிடலாம்."

அவன் கை மேசையிலிருந்து மெதுவாக மடிக்கு இறங்கியது.

"ரோட்டுல நான் விடல."

"யார் பேர்ல இருக்கோ அவர்தான் விட்டவர் சார்."

"உண்மையில பாத்தா..." என்று தொடங்கி மனைவி பக்கம் திரும்பினான். "வண்டி இவகிட்டதான் இருந்துச்சு. இவதான் வச்சிருந்தா. ஒரு வகையில இவளோடதுன்னுதான் சொல்லணும்."

நாத்தனார் "அண்ணா" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான்.

"அவங்க பேர்ல இல்லையே சார்" என்றார் ஆய்வாளர்.

"பேர்னா... வாங்கும்போது யாரோ என் பேரப் போட்டுட்டாங்க. எனக்குக் கார் ஓட்டவே தெரியாது. கேட்டுப் பாருங்க."

அது உண்மை. அவளுக்கே அப்போதுதான் அது உறைத்தது. அவன் வண்டி ஓட்டி அவள் பார்த்ததே இல்லை.

"அப்ப வண்டி உங்களுதில்லையா?"

தகர அறையில் மின்விசிறி சுற்றியது. அவன் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தான். அங்கிருந்தே கார் தெரிந்தது. சிவப்பு ஸ்டிக்கரோடு, வேறு வண்டிக்கதவோடு.

"இல்ல" என்றான். "எனக்கும் அந்த வண்டிக்கும் சம்பந்தம் இல்ல."

"அப்படியே எழுதிக் குடுத்துடுங்க. நாங்க நசுக்க அனுப்பிடுவோம். மேல எதுவும் வராது."

எழுதினான். கையெழுத்து நன்றாக இருந்தது, சாய்வாக, கடைசி எழுத்தில் ஒரு வளைவோடு. இதே கையெழுத்தைப் பேட்டரிக் கடையில் போட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. அவள் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இவ்வளவு சின்ன ஆளுக்காக இவ்வளவு பெரிய வெறுப்பை வருடக்கணக்காகச் சோறு போட்டு வளர்த்தோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெறுப்பை வைத்துக்கொண்டு வேறு யாரையாவது வெறுத்திருக்கலாம். கொஞ்சமாவது தகுதி உள்ள யாரையாவது.

திரும்பும்போது அவனும் வேனில் ஏறிக்கொண்டான். பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே, இறக்கிவிட்டால் போதும் என்றான். பிள்ளைகளுக்கான சின்ன சீட்டில் முழங்கால் நெஞ்சை முட்ட உட்கார்ந்திருந்தான். அவளுக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. பாலத்தில் ஏறியபோது தொண்டையைச் செருமினான்.

"ஒரு விதத்துல நல்லதாப் போச்சு" என்றான். "கார்ல எல்லாம் இப்ப யாருக்கும் மரியாதை இல்ல. நம்ம பேட்டரிக் கடைக்காரருக்குத் தெரிஞ்சவர்கிட்ட ஒரு படகு இருக்கு. அசல் தேக்கு. அடியில கொஞ்சம் ஓட்டை. சரி பண்ணி விட்டா ஆத்துல ஆட்கள ஏத்தலாம். வெக்கறதுக்கு இடம் இல்லன்னுதான் யோசிச்சேன். இப்ப நம்ம முன்வாசல் காலியாத்தான இருக்கு."

நாத்தனார் பிரேக்கை மிதித்தாள். யாரும் அவளிடம் நிறுத்தச் சொல்லவில்லை.

"இறங்குங்க" என்றாள் அவன் மனைவி.

"கடை இன்னும் வரலையே. பாலம் பாதிதான் தாண்டியிருக்கோம்."

"ஆமா. இறங்குங்க."

"இப்ப நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?"

விளக்கிச் சொன்னால் அவனுக்குப் புரியும் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அவன் முழங்காலை மெல்லப் பிரித்து, முனகிக்கொண்டே இறங்கி, நடைபாதையில் நின்று சட்டையை நீவிவிட்டுக்கொண்டான். வேன் திரும்பியபோது அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். மனசு உடைந்தவன்போல இல்லை. படகு எவ்வளவு ஆழத்தில் ஓடும் என்று பார்க்கிறவன்போல இருந்தான்.

"எனக்கு அவன்கூடப் பொறந்ததுக்கு ஒரு நோட்டீஸ் ஒட்ட முடியுமா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"ஓட்டு, ஓட்டு. ரோட்டப் பாரு."

அந்த மாதமே விவாகரத்துக்கு ஒரு வக்கீலைப் பார்த்தாள். அவன் எல்லாத் தாளிலும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டான். ஜீவனாம்சம் அது இது என்று தன் தலையில் ஏதும் வந்துவிடுமோ என்பதுதான் அவன் வக்கீலிடம் கேட்ட ஒரே கேள்வி. வராது, அவள் ஒன்றும் கேட்கவில்லை என்று தெரிந்ததும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினானாம். வக்கீல் அவளிடம் இதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார்.

மேனேஜர் வீடு விற்றது. போகும்போது எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டு போனவர், அவள் வீட்டு வாசலில் மட்டும் நிற்கவில்லை. ஒரு கொத்தனாரை வைத்து அவள் தூணைக் கட்டினாள். புதிதாக வந்த குடும்பத்தில் இரண்டு கார். ஒன்றை நிறுத்த அவர்களுக்கு இடமில்லை. அந்த வீட்டுப் பெண் ஒருநாள் வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, உங்க முன்வாசல்ல ராத்திரி மட்டும் ஒரு வண்டிய நிறுத்திக்கட்டுமா? வாடகைகூடக் குடுத்துடறோம். சும்மா காலியாத்தான இருக்கு."

அவள் துவைத்த துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். போர்வையை இரண்டு கையாலும் நன்றாக உதறி விரித்தாள். எதிலும் இடிக்காமல் அது விரிந்தது.

"ஆமாம்மா" என்றாள். "இப்பத்தான் காலியாச்சு. கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்."